டேப்பிலிருந்து பானம் ஊற்றுவது: பீர், ஸ்டவுட், சோடா, நைட்ரோ காபி, ஒயின் அனைத்துக்குமான முழுமையான வழிகாட்டி

டேப்பைத் திறந்தால் வெறும் நுரையாக வருகிறது என்றால், பெரும்பாலானவர்களின் கை முதலில் போவது வாயு அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டருக்குத்தான். அழுத்தத்தைக் குறைத்தால் நுரை அடங்கும் என்று நினைக்கிறோம். அன்றைக்கு அடங்கியது போலவும் இருக்கும். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், பீரில் கரைந்திருந்த வாயு பிரிந்து, டேப்புக்கு வரும் குழாயான லைனுக்குள்ளேயே குமிழியாக நின்று முன்பைவிட மோசமாக நுரைக்கும். கோப்பைக்குள் விழுந்த பீரோ சப்பென்று இருக்கும். லைன்களை மாட்டியும் கழுவியும் பல ஆண்டுகளில் நான் உறுதியாகத் தெரிந்துகொண்டது இதைத்தான்: ரெகுலேட்டர் கடைசியாகத் தொட வேண்டியது. முதலில் தெர்மாமீட்டர், அடுத்து சுத்தம், பிறகு குழாயின் நீளம். இந்த மூன்றும் சரியாக இருந்தால் அழுத்தத்தை ஒருமுறை வைத்துவிட்டு மறந்துவிடலாம்.

வீட்டுக் குளிர்பெட்டியில் ஒற்றை டேப் வைக்க நினைப்பவருக்கும், இருபது டேப் உள்ள மதுக்கூடத்தைப் பார்த்துக்கொள்பவருக்கும் அடிப்படை ஒன்றே. பானம் மாறும்போது எது மாறுகிறது என்பதைக் கடைசிப் பகுதிகளில் சொல்கிறேன்.

கெக்கும் அதன் தலையும்

ஆலையிலிருந்து பானம் நிரம்பி வரும் எஃகுப் பீப்பாய்களான கெக்குகள் பெரும்பாலும் 50, 30, 20 லிட்டர் அளவுகளில் இருக்கும். உள்ளே ஒரு நீண்ட குழாய் அடிமட்டம் வரை இறங்கியிருக்கும். மேலே மாட்டும் கப்ளர் இரண்டு வேலை செய்கிறது: வாயுவைக் கெக்கின் மேற்பகுதிக்குள் விடுகிறது, அந்த வாயு பானத்தைக் கீழே அழுத்த, பானம் நடுக்குழாய் வழியாக மேலேறி லைனுக்குள் போகிறது. கெக்கைக் கவிழ்த்து வைக்கத் தேவையில்லை.

கப்ளர் எல்லா கெக்குக்கும் பொதுவானது அல்ல. ஏ, டி, ஜி, எம், எஸ், யு என்று எழுத்தால் அழைக்கப்படும் வகைகள் உள்ளன. அமெரிக்க ஆலைகள் பெரும்பாலும் டி வகையையும், ஐரோப்பிய ஆலைகள் பல எஸ் வகையையும், ஜெர்மன் ஆலைகள் சில ஏ வகையையும் பயன்படுத்துகின்றன. கின்னஸ் போன்ற ஐரிஷ் கறுப்பு பீரான ஸ்டவுட்டுக்கு யு. ஏ, ஜி, எம் மூன்றும் பக்கவாட்டில் சறுக்கி நுழைபவை, மற்றவை திருகிப் பூட்டுபவை. எந்தக் கெக் வரப்போகிறது என்று தெரியாமல் கப்ளர் வாங்க வேண்டாம்.

வீட்டில் காய்ச்சுபவர்களுக்கும் சோடா, காபி போடுபவர்களுக்கும் ஏற்றது 19 லிட்டர் கார்னி கெக். குளிர்பான சிரப்பைக் கொண்டுபோவதற்காகப் பிறந்தது அது. பெப்சி பக்கம் பால் லாக், கோக் பக்கம் பின் லாக் என்று இரண்டு வகைகள் நிலைத்துவிட்டன. மேல்மூடி திறக்கும், கையை விட்டுக் கழுவலாம், ஓ-ரிங்குகளை நாமே மாற்றலாம். இணைப்பிகளில் சாம்பல் நிறம் வாயுவுக்கு, கறுப்பு பானத்துக்கு. மாற்றி மாட்டினால் சிக்கிக்கொண்டு கழற்றவே முடியாமல் போகும். பின் லாக்கில் வாயுப் பக்கம் இரண்டு ஊசிகள், பானப் பக்கம் மூன்று.

கையால் அடிக்கும் விருந்துப் பம்பைப் பற்றி ஒரு வார்த்தை. அது காற்றை உள்ளே தள்ளுகிறது. காற்றில் உள்ள ஆக்சிஜன் பட்ட பீர் மறுநாளே ஈர அட்டை வாசம் காட்டத் தொடங்கிவிடும். அன்றே கெக் தீர்ந்துவிடும் என்றால் மட்டும் அதைத் தொடுங்கள்.

சிலிண்டர்: முதலில் பாதுகாப்பு

கரியமில வாயு சிலிண்டருக்குள் திரவமாக இருக்கிறது. 20 டிகிரி செல்சியஸில் அதன் அழுத்தம் 800 பிஎஸ்ஐ-க்கும் (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) மேல். அதை 12 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கித் தருவதுதான் ரெகுலேட்டரின் வேலை. சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்தே நிற்க வேண்டும், சங்கிலியாலோ பட்டையாலோ சுவரோடு கட்டப்பட்டிருக்க வேண்டும். படுக்கவைத்தால் திரவம் ரெகுலேட்டருக்குள் பாய்ந்து அதைக் கெடுத்துவிடும்.

இந்த வாயு காற்றைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனமானது. நிறமும் இல்லை, எச்சரிக்கும் வாசமும் இல்லை. கசிந்தால் தரைமட்டத்தில், நிலவறையில், குளிர் அறையில் தேங்கும். காற்றில் 4 சதவீதத்தை எட்டினால் உயிருக்கு உடனடி ஆபத்து. மூடிய அறையில் கெக் வைத்திருக்கும் எந்த மதுக்கூடத்துக்கும் கரியமில வாயு அலாரம் கட்டாயம் என்றே நான் சொல்வேன். அறையில் ஒருவர் விழுந்து கிடப்பதைப் பார்த்தால் பதறி உள்ளே ஓடக்கூடாது. கதவைத் திறந்து வைத்துவிட்டு மீட்புப் படையை அழையுங்கள். காப்பாற்றப் போனவரும் சேர்ந்து விழுவதுதான் இத்தகைய விபத்துகளில் மீண்டும் மீண்டும் நடப்பது.

சிலிண்டரில் எவ்வளவு மீதி என்று பெரிய மீட்டரைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. உள்ளே ஒரு துளி திரவம் இருக்கும் வரை அழுத்தம் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கும், திரவம் தீர்ந்ததும் சட்டென்று சரியும். எனவே எடை போட்டுப் பாருங்கள். காலிச் சிலிண்டரின் எடை கழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். 50 லிட்டர் கெக்கை முழுவதும் தள்ளி முடிக்க ஏறக்குறைய 200 கிராம் வாயு போதும். அதைவிட வேகமாகத் தீர்ந்தால் எங்கோ கசிகிறது.

குளிர், வாயு, அழுத்தம் மூன்றும் ஒரே கணக்கு

திரவத்தில் கரையும் வாயுவின் அளவு, அதன்மேல் உள்ள அந்த வாயுவின் அழுத்தத்துக்கு நேர் விகிதம் என்று வில்லியம் ஹென்றி 1803-ல் சொன்னார். டேப் வேலை முழுவதும் அந்த ஒரு விதியின் மேல் நிற்கிறது. கூடவே நினைவில் வைக்க வேண்டியது, குளிர்ந்த திரவம் வாயுவைப் பிடித்துக்கொள்ளும், சூடானது விட்டுவிடும்.

கரைந்த வாயுவை வால்யூம் என்று அளக்கிறார்கள். ஒரு லிட்டர் பீரில் 2.5 லிட்டர் வாயு கரைந்திருந்தால் 2.5 வால்யூம், அதாவது லிட்டருக்கு ஏறக்குறைய 5 கிராம். லாகர் வகை பீர் 2.4 முதல் 2.7 வரை. ஏல் வகை அதைவிடக் கொஞ்சம் குறைவு. ஜெர்மன் கோதுமை பீர் 3-ஐத் தாண்டும். சோடா 4-ஐத் தொடும்.

3 டிகிரி செல்சியஸில் 2.5 வால்யூமைக் காப்பாற்ற ஏறக்குறைய 12 பிஎஸ்ஐ வேண்டும். அதே பீர் 7 டிகிரிக்கு ஏறினால் 15 பிஎஸ்ஐ தேவைப்படும். ரெகுலேட்டர் 12-லேயே நின்றால், பிடித்துவைக்க ஆளில்லாத வாயு வெளியேறும். அதுதான் உங்கள் கோப்பையில் தெரியும் நுரை. இங்கே தவறு அழுத்தத்தில் இல்லை, குளிர்பெட்டியின் கதவில் இருக்கிறது. உயரமான மலைப்பகுதியில் இருப்பவர்கள் ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்துக்கும் ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ கூட்டிக்கொள்ளுங்கள், ஏனென்றால் மீட்டர் காட்டுவது வெளிக்காற்றைவிட எவ்வளவு அதிகம் என்பதை மட்டுமே.

வெப்பநிலையைப் பெட்டிக்குள் தொங்கும் தெர்மாமீட்டரில் பார்க்காதீர்கள், அது காற்றின் குளிர். இரண்டு கோப்பை ஊற்றி, இரண்டாவது கோப்பையில் முக்கிப் பாருங்கள். அதுதான் பீரின் குளிர். புதிதாக வந்த 50 லிட்டர் கெக் உள்ளே வரை குளிர ஒரு நாளுக்கு மேல் ஆகும். மாலையில் வந்த கெக்கை அன்று இரவே மாட்டினால் அந்த இரவு நுரையோடுதான் கழியும்.

குழாயின் நீளம்

கெக்கில் 12 பிஎஸ்ஐ அழுத்தம் இருக்கிறது, டேப்பின் வாயில் பூஜ்யம். நடுவில் அந்த 12-ஐயும் மெல்ல மெல்லத் தின்று தீர்ப்பது குழாய். அது தின்னாமல் விட்ட மிச்சம் டேப்பில் வேகமாக வெடிக்கிறது. தடை என்று இதைச் சொல்கிறோம்.

கணக்கு எளிது. கெக்கின் நடுவிலிருந்து டேப் வரை உள்ள உயரத்தை அளக்கவும். ஒவ்வொரு மீட்டர் ஏற்றமும் ஏறக்குறைய 1.5 பிஎஸ்ஐ தின்னும். 60 சென்டிமீட்டர் என்றால் 1 பிஎஸ்ஐ. மீதி 11-ஐக் குழாயின் உரசல் தின்ன வேண்டும். மதுக்கூட அட்டவணைகளில் 3/16 அங்குல உள்விட்டமுள்ள வினைல் குழாய்க்கு ஓர் அடிக்கு 3 பிஎஸ்ஐ என்று இருக்கும். அப்படிப் பார்த்தால் ஒரு மீட்டரைக் கொஞ்சம் தாண்டிய குழாய் போதும் என்று வரும். அந்த எண் நிமிடத்துக்கு ஏறக்குறைய 3.8 லிட்டர் ஓடும் வேகத்துக்கானது. வரிசையில் ஆள் நிற்கும் இடத்துக்கு அது சரி. வீட்டில் அந்த அவசரம் இல்லை. 2.5 முதல் 3 மீட்டர் வரை குழாய் விட்டால் ஊற்று மெதுவாகவும் அமைதியாகவும் வரும், கெக்கின் அழுத்தம் சற்று ஏறி இறங்கினாலும் தாங்கும்.

முதலில் 3 மீட்டர் மாட்டுங்கள். ஊற்று மிக மெதுவாகத் தோன்றினால் 15 சென்டிமீட்டர் வெட்டுங்கள், மறுபடி ஊற்றிப் பாருங்கள். வெட்டிய குழாயை ஒட்ட முடியாது, அதனால் அவசரம் வேண்டாம். மிச்சக் குழாயைக் கெக்கின் மேல் வட்டமாகச் சுருட்டிக் குளிருக்குள்ளேயே வையுங்கள்.

வீட்டில் முதல்முறை மாட்டும்போது

குளிர்பெட்டியைக் காலியாக ஓடவிட்டு, உள்ளே வைத்த ஒரு தம்ளர் தண்ணீர் 3 டிகிரிக்கு வந்து ஒரு நாள் முழுக்க அங்கேயே நிற்கிறதா என்று பாருங்கள். இந்தச் சோதனையைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் பிறகு வாரக்கணக்கில் ரெகுலேட்டரோடு மல்லுக்கட்டுகிறார்கள்.

அடுத்தது ரெகுலேட்டர். சிலிண்டர் வாயில் வாஷர் வைத்து ஸ்பேனரால் இறுக்குங்கள். நிரந்தர சீல் பதித்த ரெகுலேட்டர் என்றால் வாஷர் தேவையில்லை. அழுத்தத் திருகை முழுவதும் தளர்த்திவிட்டு, அதன் பிறகே சிலிண்டர் வால்வைத் திறக்க வேண்டும். மெதுவாக, முகத்தை விலக்கி. பிறகு திருகை ஏற்றி 12-க்குக் கொண்டுவாருங்கள்.

லைன், கப்ளர், டேப் மூன்றையும் பீர் படுவதற்கு முன்பே கழுவி, கிருமிநீக்கிக் கரைசலை ஓடவிடுங்கள். டேப் மூடியிருக்கும் நிலையில் கப்ளரை மாட்டி வாயுவைத் திறங்கள். இணைப்பு ஒவ்வொன்றிலும் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா பாருங்கள். குமிழி கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய கசிவு இருக்குமோ என்று ஐயம் இருந்தால், சிலிண்டர் வால்வை மூடிவிட்டு சில மணி நேரம் கழித்து மீட்டரைப் பாருங்கள். முள் விழுந்திருந்தால் கசிவு உண்டு. ஆலையிலிருந்து ஏற்கெனவே வாயு ஏறிய கெக்கில் வைத்துப் பார்க்கும்போதுதான் இந்தச் சோதனையை நம்பலாம். வாயு ஏறாத பானம் என்றால் அது வாயுவை உறிஞ்சுவதாலும் முள் இறங்கும்.

நீங்களே காய்ச்சியதைக் கார்னியில் நிரப்பினால், மூடியை மூடியதும் வாயுவை விட்டு, மேலேயுள்ள வால்வை இழுத்து வெளியேற்றுங்கள். பல முறை இப்படிச் செய்தால் மேலே தங்கிய காற்று போய்விடும். பிறகு 12 பிஎஸ்ஐ-யில் விட்டுவிடுங்கள். ஒரு வாரம் முதல் பத்து நாளில் வாயு தானாக ஏறிச் சமநிலைக்கு வரும். அவசரம் என்றால் 30 பிஎஸ்ஐ-யில் ஒரு நாள் வைத்து, பிறகு அதிக அழுத்தத்தை வெளியேற்றி 12-க்கு இறக்கலாம். கெக்கைக் குலுக்கி ஏற்றுபவர்களும் உண்டு. அதில் அளவு தாண்டிப் போய்விடுவது எளிது, திருப்பி இறக்குவது கடினம். எனக்குப் பொறுமை வழிதான் பிடிக்கும்.

ஊற்றும் கை

கோப்பையில் எண்ணெய்ப் பிசுக்கு, உதட்டுச் சாயம், சோப்பின் மிச்சம் எதுவும் இருக்கக்கூடாது. ஈரக் கோப்பையின் உள்ளே உப்பைத் தூவிப் பாருங்கள். சீராக ஒட்டினால் சுத்தம், திட்டுத் திட்டாக விலகினால் அந்த இடத்தில் கொழுப்பு இருக்கிறது. குடிக்கும்போது ஒவ்வொரு மிடறுக்கும் நுரை வளையமாகக் கோப்பையில் படிந்து நின்றாலும் சுத்தமே. கழுவும் இயந்திரத்திலிருந்து சூடாக எடுத்த கோப்பையும், உறையவைத்துப் பனி படிந்த கோப்பையும் இரண்டுமே நுரை தரும். குளிர்ந்த நீரில் ஒருமுறை அலசிவிட்டு ஊற்றுங்கள்.

கோப்பையை 45 டிகிரி சாய்த்துப் பிடியுங்கள். டேப்பின் மூக்கு கோப்பையையோ பானத்தையோ தொடவே கூடாது. ஒரு கோப்பையின் கிருமி அடுத்த கோப்பைக்குப் போவது அந்த வழியில்தான். கைப்பிடியை அதன் அடிப்பகுதியில் பிடித்து ஒரே இழுப்பில் முழுவதும் திறங்கள். பாதி திறந்த டேப்பில் பானம் குறுகிய இடுக்கில் பீறிட்டுக் கலங்கி நுரையாகும். நுரைக்குப் பயந்து மெல்லத் திறப்பதே நுரைக்குக் காரணமாவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பாதி நிரம்பியதும் கோப்பையை நிமிர்த்தி நடுவில் விழவிடுங்கள். மேலே இரண்டரை சென்டிமீட்டர் அளவுக்கு நுரை நிற்க வேண்டும். நுரை வீண் என்று நினைப்பவர்கள் உண்டு. பீரில் சேர்க்கும் ஹாப் பூவின் வாசம் மூக்குக்கு வருவது அந்த நுரை வழியாகத்தான், வயிற்றுக்குள் போயிருக்கும் வாயுவில் ஒரு பங்கு கோப்பையிலேயே வெளியேறுவதும் அதனால்தான்.

ஸ்டவுட்டும் கலப்பு வாயுவும்

நைட்ரோ ஸ்டவுட்டின் பட்டு நுரைக்குப் பின்னால் ஒரு கணித வல்லுநரின் மூளை இருக்கிறது. கணிதம் படித்து கின்னஸில் வேலைக்குச் சேர்ந்த மைக்கேல் ஆஷ் 1959-ல் நைட்ரஜனையும் கரியமில வாயுவையும் கலந்து பீரைத் தள்ளும் முறையை உருவாக்கினார். நைட்ரஜன் பீரில் மிக மிகக் குறைவாகவே கரையும். அதனால் வெளியே வந்ததும் மிகச் சிறிய குமிழிகளாகப் பிரிந்து, கோப்பைக்குள் கீழ்நோக்கி வழிவது போன்ற அந்த அலையைத் தருகிறது.

இதற்கு 75 சதவீத நைட்ரஜனும் 25 சதவீத கரியமில வாயுவும் கலந்த சிலிண்டர், அதற்கான தனி ரெகுலேட்டர், ஐந்து நுண்துளைகள் உள்ள தட்டு பொருத்திய ஸ்டவுட் டேப் மூன்றும் வேண்டும். அழுத்தம் 30 முதல் 35 பிஎஸ்ஐ. இவ்வளவு அழுத்தத்தில் பீர் ஏன் சோடா போல ஆவதில்லை? கணக்குப் போட்டுப் பாருங்கள். மீட்டரில் 35, அதோடு காற்று மண்டலத்தின் 14.7-ஐக் கூட்டினால் ஏறக்குறைய 50. அதில் கரியமில வாயுவின் பங்கு கால், அதாவது 12.5. சாதாரண லாகரில் 12-உம் 14.7-உம் சேர்த்து 26.7. ஸ்டவுட்டின் மேல் உள்ள கரியமில வாயு அதில் பாதிகூட இல்லை. அதனால் 1.2 வால்யூமில் நிற்கிறது. ஸ்டவுட்டை வெறும் கரியமில வாயுவில் மாட்டினால் நுரைக்கோளமாவதும், லாகரை ஸ்டவுட் வாயுவில் மாட்டினால் சில நாளில் சப்பென்று ஆவதும் இதே கணக்கால்தான்.

ஊற்றும்போது முக்கால் கோப்பை நிரப்பி, அலை அடங்கும் வரை வைத்து, பிறகு மேலே நிரப்ப வேண்டும். கின்னஸ் இதற்கு 119.5 விநாடி என்று விளம்பரம் செய்தது. விநாடியை எண்ண வேண்டாம், கருமை அடியிலிருந்து ஏறித் தெளிவதைப் பாருங்கள்.

மதுக்கூடத்தின் நீண்ட லைன்

கெக் ஓர் அறையில், டேப் இன்னோர் அறையில் என்றால் வழியெல்லாம் பீரைக் குளிரிலேயே கொண்டுவர வேண்டும். ஏழெட்டு மீட்டர் வரை குளிர்காற்றை ஊதும் குழாய்க்குள் லைனை விடலாம். அதற்கு மேல் கிளைகால் என்னும் உறையாத குளிர்விப்புத் திரவம் வேண்டும். பீர் லைன்களோடு சேர்த்துக் கட்டிய குழாயில் பூஜ்யத்துக்கு ஒன்றிரண்டு டிகிரி கீழே குளிர்ந்த கிளைகால் கலவை சுற்றிக்கொண்டே இருக்கும். அது உணவுத்தரமுள்ள புரோப்பிலீன் கிளைகாலாகவே இருக்க வேண்டும். வண்டி ரேடியேட்டருக்கு ஊற்றும் எத்திலீன் கிளைகால் நஞ்சு.

நீளமான லைனில் உரசலும் ஏற்றமும் அதிகம், 12 பிஎஸ்ஐ போதாது. அழுத்தத்தை 30-க்கு ஏற்றினால் தூய கரியமில வாயு பீருக்குள் மேலும் மேலும் கரைந்துகொண்டே போகும். இதற்குத்தான் 60 சதவீத கரியமில வாயு, 40 சதவீத நைட்ரஜன் கலவை. 30-உம் 14.7-உம் சேர்ந்து 44.7, அதில் 60 சதவீதம் 26.8. லாகருக்குத் தேவையான அதே எண்! தள்ளும் வலிமை கூடியது, பீருக்குள் இருக்கும் வாயு மாறவில்லை. எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த கணக்கு இதுதான்.

ஒவ்வொரு கெக்குக்கும் தனித் துணை ரெகுலேட்டர் வைப்பதும், கெக் தீர்ந்ததும் லைனுக்குள் வாயு புகாமல் மிதவையால் அடைக்கும் நுரைத் தடுப்பானை மாட்டுவதும் செலவை விரைவில் மீட்டுத் தரும். கெக் மாறும் ஒவ்வொரு முறையும் லைன் முழுவதும் இருக்கும் பீர் நுரையாகிச் சாக்கடைக்குப் போகாமல் தடுப்பது இந்தச் சின்னக் கண்ணாடிக் குப்பிதான்.

பிரிட்டிஷ் பாணி காஸ்க் ஏல் இதெல்லாவற்றிலிருந்தும் விலகி நிற்பது. வெளி வாயு கிடையாது, ஈஸ்ட் உள்ளேயே உயிரோடு இருக்கும். ஏறக்குறைய 41 லிட்டர் கொள்ளும் ஃபிர்கின் பீப்பாயைப் படுக்கவைத்து ஆடாமல் அசையாமல் வண்டல் படியவிட வேண்டும். மேலே மரமுளை செருகி, மென்மையான முளையால் அதிக வாயுவை விடுவித்து, கடினமான முளையால் மீதியைப் பிடித்துவைப்பார்கள். 11 முதல் 13 டிகிரி. 1797-ல் ஜோசப் பிரமா காப்புரிமை பெற்ற கைப்பம்பின் வாரிசுகள்தான் இன்றும் அதை இழுத்துத் தருகின்றன. பீர் குறையக் குறையக் காற்று உள்ளே போவதால் திறந்த மூன்று நாளில் முடிக்க வேண்டும்.

சோடா, கொம்புச்சா, காபி, ஒயின், காக்டெயில்

சோடா நீருக்கு 4 வால்யூம் வேண்டும் என்றால் 3 டிகிரியில் ஏறக்குறைய 28 பிஎஸ்ஐ. அந்த அழுத்தத்தைத் தின்ன 3/16 அங்குலக் குழாய் 7 முதல் 9 மீட்டர் வேண்டியிருக்கும், அல்லது ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் நெம்புகோல் உள்ள டேப். வேறு பானம் ஓடிய பழைய லைனில் சோடாவை விடாதீர்கள், அந்த வாசம் போகவே போகாது.

மதுக்கூடத்தின் குளிர்பானத் துப்பாக்கி வேறு வகை. பெட்டிக்குள் பையில் வரும் சிரப்பும், கார்பனேட்டர் தயாரிக்கும் சோடா நீரும் வாயில்தான் கலக்கின்றன. பெரும்பாலும் ஒரு பங்கு சிரப்புக்கு ஐந்து பங்கு நீர். இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. வாயு ஏறிய நீர் அமிலத்தன்மை கொண்டது. அது பின்னோக்கிப் போய்ச் செப்புக் குழாயில் தங்கினால் செம்பைக் கரைத்துக்கொண்டு வந்து குடிப்பவருக்கு வாந்தியை வரவழைக்கும். பின்னோட்டத் தடுப்பு வால்வும், அதற்குப் பின் செம்பே இல்லாத குழாயும் கட்டாயம்.

புளிக்கவைத்த தேநீரான கொம்புச்சாவும் ஒயினும் குரோம் பூசிய பித்தளை டேப்பை அரித்துவிடும். அவற்றுக்கு டேப், அதை லைனோடு சேர்க்கும் ஷேங்க், இணைப்பு எல்லாமே துருப்பிடிக்காத எஃகாக இருக்க வேண்டும். ஒயினில் உள்ள சல்ஃபைட்டையும் தாங்க 316 தரம் நல்லது. சாதா ஒயினைக் குறைந்த அழுத்தத்தில் நைட்ரஜனாலோ ஆர்கானாலோ தள்ளுங்கள், லைன் ஆக்சிஜனை உள்ளே விடாத வகையாக இருக்கட்டும். வெள்ளை 7 முதல் 10 டிகிரி, சிவப்பு 13 முதல் 16. பீர்ப் பெட்டிக்குள்ளேயே சிவப்பு ஒயினையும் தள்ளிவைத்தால் துவர்ப்பு மட்டுமே நாக்கில் நிற்கும். இத்தாலிய விதிப்படி டேப்பில் வரும் நுரை ஒயினைப் புரோசெக்கோ என்று விற்கக்கூடாது. பெயர்ப் பலகை எழுதும்போது நினைவில் வையுங்கள்.

நைட்ரோ காபியில்தான் நான் மிகவும் கண்டிப்பு. குளிர்ந்த நீரில் ஊறவைத்து எடுத்த காபியை நன்றாக வடிகட்டி, தூய நைட்ரஜனில் 35 முதல் 45 பிஎஸ்ஐ வைத்து, ஸ்டவுட் டேப்பில் ஊற்றலாம். நைட்ரஜன் தானாகக் கரைய நாள் எடுக்கும் என்பதால், நுண்துளைக் கல் வழியாக விடுங்கள் அல்லது கெக்கை நன்றாகக் குலுக்குங்கள். கரியமில வாயு சிறிது கலந்தாலும் புளிப்புக் கடி வந்துவிடும். இதுவரை சுவையைப் பற்றிய பேச்சு. உயிரைப் பற்றியது அடுத்தது. காபியின் பிஎச் ஏறக்குறைய 5. அதில் ஆல்கஹால் இல்லை, கெக்குக்குள் ஆக்சிஜனும் இல்லை. பிஎச் 4.6-க்கு மேல், காற்றில்லாத இடத்தில் வளரக்கூடிய பொட்டுலிசம் பாக்டீரியாவுக்கு இது ஏற்ற சூழல். ஆகவே நிரப்பிய நொடியிலிருந்து 5 டிகிரிக்குக் கீழேயே வைத்து, கெக்கில் தேதி ஒட்டி, ஏழு நாளுக்குள் முடியுங்கள். மின்சாரம் நின்று பெட்டி சூடேறிப்போனால் ருசி பார்க்காமல் கொட்டுங்கள். இந்த நஞ்சு வாசத்தில் தெரியாது.

காக்டெயிலைக் கெக்கில் போடும்போது பனிக்கட்டி உருகித் தரும் நீரை நாமே சேர்க்க வேண்டும். கலக்கிப் பரிமாறும் வகைக்கு 8 லிட்டர் கலவைக்கு 2 லிட்டர் நீர் என்று தொடங்கி, குளிரவைத்துச் சுவைத்துத் திருத்துங்கள். எலுமிச்சைச் சாற்றின் சக்கையை மெல்லிய துணியில் வடிகட்டாவிட்டால் டேப் அடைத்துக்கொள்ளும். சர்க்கரைப் பாகு அடியில் இறங்கும், பரிமாறும் முன் கெக்கை ஆட்டிவிடுங்கள். பாலாடையும் முட்டையும் கெக்குக்குள் போகவே கூடாது.

கழுவுதல்

இதைச் சலிப்பான பகுதி என்று கடந்து போகாதீர்கள். நல்ல ஆலையின் நல்ல பீரைக் கெடுப்பது பெரும்பாலும் நம் லைன்தான்.

பீர் ஓடும் லைனை 14 நாளுக்கு ஒருமுறை காரக் கரைசலால் கழுவ வேண்டும். 2 சதவீத அடர்த்தி, பழைய அழுக்கான லைனுக்கு 3. வெதுவெதுப்பான நீரில் கலந்து, பம்பால் 15 நிமிடம் சுற்றவிடுங்கள். பம்ப் இல்லையென்றால் நிரப்பி 20 நிமிடம் ஊறவிடுங்கள். முதலில் பீரை நீரால் தள்ளி வெளியேற்றி, பிறகு காரம், பிறகு மறுபடி குளிர்நீர். காரத்தோடு நேராக வேலை செய்யும்போது கையுறையும் கண் கவசமும் போட்டிருக்க வேண்டும். கழுவி முடித்ததும் டேப்பிலிருந்து வரும் நீரையும், நீங்கள் உள்ளே விடும் நீரையும் பிஎச் தாளால் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒன்றாகும் வரை அலசல் தொடரட்டும். கரைசல் உள்ளே இருக்கும்போது டேப்பின் கைப்பிடியைக் கழற்றி எடுத்துவிடுவது என் வழக்கம். தெரியாமல் வந்த ஒருவர் வாடிக்கையாளருக்குக் காரத்தை ஊற்றிக் கொடுத்துவிட முடியாது.

டேப்பையும் கப்ளரையும் கழற்றித் தூரிகையால் தேயுங்கள். டேப்பின் உள்மூக்கில் சேரும் வழவழப்பைச் சுற்றும் கரைசல் முழுவதும் எடுக்காது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அமிலக் கரைசல் ஓட்ட வேண்டும். கால்சியம் ஆக்சலேட் படிந்து உண்டாகும் பீர்க்கல் காரத்துக்குக் கரையாது. காரத்தையும் அமிலத்தையும் ஒருபோதும் கலக்காதீர்கள், நடுவே நீரால் முழுமையாக அலசுங்கள். வினைல் லைனை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

கோளாறு வந்தால்

முதல் கோப்பை மட்டும் நுரைத்து அடுத்தது தெளிந்தால், டேப் நிற்கும் தூண் சூடாக இருக்கிறது. குளிர்பெட்டிக் காற்றைத் தூணுக்குள் ஊதும் சிறிய விசிறி அதைச் சரிசெய்யும். எல்லாக் கோப்பையும் நுரைத்தால் பீரின் வெப்பத்தை அளங்கள். குளிர் சரி என்றால் கப்ளரின் வாஷரையும் லைனில் மடிப்பு இருக்கிறதா என்பதையும் பாருங்கள். அதுவும் சரி என்றால், அழுத்தம் வெகுநாளாக அதிகமாக இருந்து வாயு கூடிப்போயிருக்கலாம். தெளிவான பீருக்கு நடுவே நடுவே குமிழிக் கொத்துகள் லைனில் ஓடினால் நேர்மாறு, அழுத்தம் குறைந்து வாயு பிரிகிறது. 1 பிஎஸ்ஐ ஏற்றி ஒரு நாள் பொறுங்கள்.

நுரை கோப்பையில் நிற்காமல் உடனே கரைந்தால் கோப்பையைச் சந்தேகியுங்கள். வெண்ணெய் வாசம் வந்தால் லைனில் லாக்டிக் வகை பாக்டீரியா குடியேறியிருக்கலாம், வினிகர் வாடை என்றால் அசிட்டிக் வகை, அதுவும் பெரும்பாலும் டேப்பின் வாயில். கெக்கைத் திருப்பி அனுப்பும் முன் அதே கெக்கை வேறொரு சுத்தமான சிறு லைனில் மாட்டி ஒரு கோப்பை ஊற்றிப் பாருங்கள். வாசம் அங்கே இல்லையென்றால், பம்பையும் காரக் கரைசலையும் எடுத்துக்கொண்டு பழைய லைனுக்குத் திரும்புங்கள்.